சிங்க்கில் கொட்டிய தீர்த்தம்

"கொட்டிட்டியா? முழுசாவா?"

"முழுசாத்தான் அத்தை. தாம்பாளத்தையும் சோப்பு போட்டுக் கழுவிட்டேன்."

"தீர்த்தம்டீ அது. பாத்திரம் கழுவின தண்ணின்னு நினைச்சியா?"

"பாத்திரம் கழுவின தண்ணியா இருந்தா நான் ஏன் கொட்டப் போறேன்? அதைக் குடிக்க யாரும் வரிசையில நிக்க மாட்டாங்களே."

அந்த வீட்டில் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் கதவு கிடையாது, ஒரு திரைச்சீலைதான். குரலைத் தாழ்த்திப் பேசுவதாகத்தான் மாமியார் நினைத்துக்கொண்டிருந்தார். கூடத்தில் உட்கார்ந்திருந்த முப்பத்திரண்டு பேரும் எதுவும் காதில் விழாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தீர்த்தத்துக்காக உள்ளங்கையைக் குழித்து வைத்திருந்தவர்கள், அந்தக் கையை இனி என்ன செய்வது என்று தெரியாமல் மடியில் போட்டுக்கொண்டார்கள். நடுவில், பட்டுத்துணி போர்த்திய நாற்காலியில் குரு உட்கார்ந்திருந்தார். இரண்டு காலும் ஈரம். துடைக்க ஆளில்லை.

நடந்தது இவ்வளவுதான். குரு ஒரு வீட்டுக்கு எழுந்தருளினால் பாதபூஜை நடக்கும். முதலில் வெந்நீர், அப்புறம் பால், தேன், மறுபடி வெந்நீர். கடைசியில் சந்தனமும் பூவும். கால் கழுவிய நீரைத் தாம்பாளத்தில் பிடித்து, வந்திருப்பவர்களுக்கு ஆளுக்கு ஒரு கரண்டி. கழுவும் பாக்கியம் வீட்டுப் பெரிய மனுஷிக்கு. ஆனால் மாமியாருக்கு முட்டி மடங்காது, ஆகவே மருமகள் உட்கார்ந்தாள்.

அங்கேதான் தப்பு நடந்தது. மருமகள் பெரிய மருத்துவமனையில் கால்புண் பிரிவில் நர்ஸ். பதினாலு வருஷமாக நாளைக்கு நாற்பது கால் பார்க்கிறவள். தெருவில் அவளுக்குக் கட்டுக்காரி என்று பெயர். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு அவளே போனை எடுத்து "கட்டுக்காரி பேசறேன்" என்று சொல்ல ஆரம்பித்ததும் அதிலிருந்த சுவாரசியம் போய்விட்டது.

தண்ணீர், பால், தேன் எல்லாம் ஊற்றும் வரை அவள் வாயைத் திறக்கவில்லை. வலது காலைத் துடைக்கத் தூக்கினாள். பெருவிரலுக்குக் கீழே ஒரு பூவிதழ் ஒட்டியிருந்தது. காலையிலிருந்து இது நாலாவது வீடு, ஏதோ ஒரு வீட்டுப் பூ. அதை எடுத்தாள். எடுத்த இடத்தில் தோல் இல்லை. நாணயம் அளவுக்குக் குழி. சுற்றிலும் ஊறிப்போன காகிதம் மாதிரி வெளுத்த ஓரம். சந்தன வாசனைக்கு அடியில் வேறொரு வாசனை. பதினாலு வருஷ மூக்கு அது, ஏமாறாது. அதற்குள் குருவின் காரியங்களைக் கவனிக்கும் பட்டியல்காரர் கரண்டியை எடுத்துக்கொண்டு குனிந்துவிட்டார். அவள் தாம்பாளத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நேராகச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

"சாமிக்குக் கால்ல புண் அத்தை. ஆழமான புண். அதுல பாலும் தேனும் ஊத்தறதே தப்பு. அந்தத் தண்ணியக் குடிக்கவும் செய்வாங்களா?"

"புண்ணா? சாமிக்கா? நாக்கில நரம்பில்லாம பேசாதே."

"நாக்கில நரம்பு எனக்கு நல்லாவே இருக்கு. சாமிக்குத்தான் கால்ல நரம்பு வேலை செய்யல. இவ்வளவு பெரிய புண்ணோட எப்படி நடந்து வந்தாரு? வலியே தெரியல."

திரையை விலக்கிக்கொண்டு அவள் கணவர் வந்தார். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். ஊருக்கெல்லாம் பார்வையைச் சரிசெய்து கொடுக்கும் மனிதர், வீட்டில் அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் நடக்கும் எதையும் இதுவரை பார்த்ததே கிடையாது.

"கொஞ்சம் மெதுவா பேசேன்" என்றார்.

"யார்கிட்ட சொல்றீங்க?" என்று இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"பொதுவாச் சொன்னேன்."

அவருக்குப் பின்னால் பட்டியல்காரரின் தலை தெரிந்தது. சட்டைப் பையில் நாலாக மடித்த காகிதம் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. நாளைக்கு எட்டு வீடு, வீட்டுக்கு நாற்பது நிமிஷம். இந்தக் குடும்பம் அந்தக் காகிதத்தில் இடம் பிடிக்கப் பதினோரு மாதம் காத்திருந்தது. போதாக்குறைக்கு அவருடைய தங்கை மகனுக்கு இந்த வீட்டுப் பெண்ணைக் கேட்டிருந்தார்கள். குரு வாயால் ஒரு வார்த்தை வந்தால் நிச்சயம் செய்துவிடலாம் என்று பேச்சு. அந்தப் பெண், அதாவது கட்டுக்காரியின் நாத்தனார், கூரியர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். புதுப் புடவையில் கூடத்து மூலையில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஆறு நிமிஷம் போயிடுச்சு" என்றார் பட்டியல்காரர். "மறுபடி முதல்லேருந்து பண்ணிடலாம்மா. தண்ணி இருக்கில்ல?"

"தண்ணி இருக்கு. நான் இல்ல" என்றாள் கட்டுக்காரி.

மாமியார் அவள் முழங்கையைப் பிடித்தார். "இத பாரு. சாமி நாற்காலிய விட்டு எழுந்திரிக்கறதுக்குள்ள போய்க் காலைப் பிடிச்சு மன்னிப்பு கேளு. இல்லேன்னா இந்த வீட்டுல உனக்கு இடம் இல்ல. எம்மவன் என்ன சொல்வான்னு பாக்காதே. அவன் ஒண்ணும் சொல்ல மாட்டான்."

அந்தக் கடைசி வாக்கியத்தில் மட்டும் மருமகளுக்கு மாமியாரோடு கருத்து வேறுபாடு இல்லை.

"சரி, காலைப் பிடிக்கறேன்" என்று சொல்லிவிட்டுத் திரையைத் தள்ளிக்கொண்டு போனாள்.

கூடம் நிமிர்ந்து உட்கார்ந்தது. போகிற வழியில் அவள் நாத்தனார் தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவிக்கொண்டதை முன்வரிசைக்காரர்கள் பார்த்தார்கள். ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. அவள் குருவின் முன் மண்டியிட்டு, வலது காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"சாமி, கண்ணை மூடிக்கோங்க. நான் தொடும்போதெல்லாம் 'இப்போ'ன்னு சொல்லுங்க."

"என்னம்மா இது, ஆஸ்பத்திரியா?" என்று பட்டியல்காரர் பதறினார்.

குரு அவரைக் கையமர்த்தினார். வயது எழுபதுக்குக் கிட்ட இருக்கும், ஒல்லியான மனிதர். அன்று அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசி நாளாயிற்று என்றும், மௌனமே அவருடைய உபதேசம் என்றும் பட்டியல்காரர் எல்லா வீட்டிலும் முதல் ஐந்து நிமிஷத்துக்குள் சொல்லிவிடுவார். குரு கண்ணை மூடினார்.

கட்டுக்காரி கொண்டை ஊசியின் மழுங்கிய வளைவால் குதிகாலைத் தொட்டாள். அழுத்தினாள். ஒன்றுமில்லை. நடுப்பாதம். ஒன்றுமில்லை. சுண்டுவிரலின் அடி. ஒன்றுமில்லை. பிறகு ஊசியைக் காலிலிருந்து எடுத்துக் காற்றில் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

"இப்போ" என்றார் குரு.

கூடத்தில் ஒரு நிம்மதிப் பெருமூச்சு எழுந்தது. சாமி சொல்லிவிட்டார், அவள் தோற்றாள் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். ஊசி எங்கே இருந்தது என்று பார்த்தவர்கள் இரண்டே பேர். அதைப் பிடித்திருந்தவள் ஒருத்தி, மூலையில் நின்ற நாத்தனார் இன்னொருத்தி. குரு கண்ணைத் திறந்து ஊசியைப் பார்த்தார், அப்புறம் கட்டுக்காரியைப் பார்த்தார். அவருக்கும் தெரிந்துவிட்டது.

ஆனால் மாமியாருக்குத் துணிச்சல் திரும்பிவிட்டது. முப்பத்திரண்டு பேர் முன்னால் கப்பலேறிய மானத்தைக் கரை சேர்க்க அவரிடம் ஒரு கதை இருந்தது. அந்தக் கதைக்காகத்தான் தெருவே அவரை வெந்நீரம்மா என்று கூப்பிட்டது. எல்லோருக்கும் தெரிந்த கதைதான், இருந்தாலும் சொன்னார்.

"வலி தெரியலையாம்ல, வலி. சாமிக்கு வலி எப்படித் தெரியும்? உடம்பைக் கடந்தவரு. மூணு வாரம் முன்னாடி இவங்க வீட்டு பூஜையில", என்று பட்டியல்காரரைக் காட்டினார், "செம்பு எங்கிட்டதான் இருந்தது. சாமிக்குப் போய் ஆறின தண்ணி ஊத்தறதாவது? ஆவி பறக்கப் பறக்கக் கொண்டு போனேன். எனக்குக் கையே பொறுக்கல, துணி சுத்திப் பிடிச்சேன். முழுச் செம்பும் வலது கால்ல ஊத்தினேன், தாம்பாளத்துல பாதமே முங்கிக் கிடந்தது. பக்கத்துல இருந்தவங்க ஐயோங்கறாங்க. சாமி அசையல. சிரிச்சாரு. அந்தச் சிரிப்பை நான் பார்த்தேன். நீ பார்த்தியா?"

ஒரு குரல் "உண்மை, நானும் இருந்தேன்" என்றது. இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

கட்டுக்காரி மடியில் இருந்த காலைக் குனிந்து பார்த்தாள். வலது கால். மூன்று வாரம். கொப்புளம் எழும்பி, உடைந்து, அதன்மேல் நாளைக்கு எட்டு வீட்டுப் பாலும் தேனும் ஊறி, உலராமல் இந்த நிலைக்கு வர மூன்று வாரம் கச்சிதமான கணக்கு. அவள் தலையைத் தூக்கினாள். வெந்நீரம்மா இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொன்னால் அந்த இடுப்புக் கை கீழே விழும், மாமியாரோடு இத்தனை வருஷமாக இருந்த கணக்கும் தீரும். வாயைத் திறந்தாள்.

"நேரமாச்சு" என்றார் குரு. "அடுத்த வீட்டுக்குப் போகலாம்."

இரண்டாவது வார்த்தையும் வந்ததில் கூடம் மலைத்துப் போய் எழுந்து நின்றது. குரு காலை அவள் மடியிலிருந்து தானே எடுத்துக்கொண்டு செருப்பைத் தேடினார். வாசலில் குருவின் காரைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவர் கையில் அவள் ஒரு துணிச்சுருளையும், போன் நம்பர் எழுதிய காகிதத்தையும் திணித்தாள்.

"அடுத்த வீட்டுல தண்ணி படாம கட்டிக் கூட்டிட்டுப் போங்க. ராத்திரி ஜுரம் இருக்கான்னு பாருங்க. ஏன் அப்படிப் பார்க்கறீங்க?"

"நாலு நாளா இருக்குக்கா" என்றார் டிரைவர். "யார்கிட்ட சொல்றது? சொன்னா, சாமி தபஸ்ல கொதிக்கறார்ங்கறாங்க."

அன்று முதல் அந்த வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்தது. மாமியார் மருமகள் சமைத்ததைத் தொடவில்லை. பக்தர்கள் வாராவாரம் கூடுவார்கள். அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்னாலும், "நான் பார்த்தது தப்பு, சாமி காலில் ஒன்றுமில்லை" என்று அவள் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டும். இந்தச் செய்தியை மாமியார் மகன் மூலமாக அனுப்பினார். இரண்டு பேருக்கும் இடையில் ஆறடி தூரம்தான்.

"அம்மா சொல்றாங்க..." என்று கண்ணாடிக் கடைக்காரர் ஆரம்பித்தார்.

"கேட்டுச்சு. நீங்க என்ன சொல்றீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஐந்தாம் நாள் மதியம், டாக்டர்கள் சாப்பிடப் போகும் நேரத்தில், டிரைவர் கால்புண் பிரிவின் பக்கவாசல் வழியாக ஒரு முதியவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார். தலையில் துண்டு, மேலே சாதாரணச் சட்டை. சீட்டில் தொழில் என்ற இடத்தில் ஆசிரியர் என்று எழுதியிருந்தது. பட்டியல்காரரிடம் பல்வலி என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்கள்.

டாக்டர் பார்த்துவிட்டுப் பெருவிரல் போகும் என்றார். இன்னும் பத்து நாள் தள்ளிப் போட்டிருந்தால் பாதமே போயிருக்கும் என்றும் சொன்னார். அவர் அப்பால் போனதும் கட்டுக்காரி புண்ணைக் கழுவ உட்கார்ந்தாள். இந்த முறை பாலும் இல்லை, தேனும் இல்லை. கோபம் மட்டும் இருந்தது.

"மூணு வாரமா யாருக்காகச் சாமி காலை நீட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்க? ஒரு நாள் முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா அழறாங்க."

"அழட்டுமே."

"உனக்குச் சுலபமா வருது" என்றார். குரலில் உபதேசம் எதுவும் இல்லை, சலிப்புதான். "முன்னெல்லாம் பாடம் சொல்லிக்கிட்டிருந்தேன். இருபது பேர் வருவாங்க, நோட்டுல எழுதுவாங்க, சந்தேகம் கேட்பாங்க. அப்புறம் ஒருத்தர் காலைத் தொட்டார். அப்புறம் ஒருத்தர் கழுவினார். இப்போ நோட்டு கொண்டு வர்றவங்க யாரும் இல்ல. செம்புதான்."

"கால் மரத்துப்போனது தெரியுமா, தெரியாதா?"

"சுடலைன்னு தெரிஞ்சது. எல்லாரும் அதிசயம்னாங்க." காலைக் குனிந்து பார்த்தார். "எட்டு வீட்டுல எட்டு தடவை சொன்னா, ஒருவேளை அப்படித்தானோன்னு எனக்கும் தோண ஆரம்பிச்சிடுச்சு."

அவள் கத்தரியை எடுத்துக் கட்டுத்துணியை நறுக்கினாள். நறுக்கிய வேகத்தைப் பார்த்து டிரைவர் ஒரு அடி பின்னால் போனார்.

"அந்த வெந்நீர் யார் ஊத்தினதுன்னு உனக்குத் தெரியும்" என்றார் குரு.

"தெரியும். அன்னைக்கே சொல்லியிருப்பேன், நீங்கதான் எழுந்துட்டீங்க."

"அதுக்குத்தான் எழுந்தேன். அவங்ககிட்ட சொல்லாதே."

கட்டுக்காரி நிமிர்ந்தாள். "சாமி, உங்களுக்குத் தெரியாது. அவங்க என்னை வீட்டை விட்டுப் போங்கறாங்க. நான் பொய் சொன்னேன்னு தெரு முழுக்கச் சொல்றாங்க. எங்கிட்ட இருக்கறது இந்த ஒரு வார்த்தைதான்."

"அதனாலதான் கேக்கறேன். அவங்ககிட்டேயும் இருக்கறது அந்த ஒரு கதைதான். சூடா ஊத்தணும்னு ஊத்தினாங்க, கெடுக்கணும்னு ஊத்தல. அவங்க கையாலதான் என் விரல் போச்சுன்னு தெரிஞ்சா, அப்புறம் அந்தக் கையை வச்சு என்ன பண்ணுவாங்க?"

"நான் உங்க சிஷ்யை இல்லை."

"இல்லதான். சிஷ்யங்க யாரும் இந்தக் கேள்வியெல்லாம் கேட்டதில்ல."

கட்டுக்காரி மறுபடி காலுக்குக் குனிந்தாள். கட்டின் முனையை வழக்கத்தைவிட இறுக்கமாக ஒட்டினாள். சம்மதித்தாளா என்று டிரைவருக்கே புரியவில்லையாம்.

விரல் எடுத்த செய்தி தெருவுக்கு வந்து சேர்ந்தபோது அதற்குக் கையும் காலும் முளைத்திருந்தது. சாமி தன் விரலை ஒரு பக்தருடைய மகனின் ஆயுளுக்காகக் கொடுத்துவிட்டார் என்று பட்டியல்காரர் சொன்னார். வெந்நீரம்மாவிடம் வேறு விளக்கம் இருந்தது. அதை வாரக் கூட்டத்திலேயே, நாற்பது பேர் நடுவில் எழுந்து நின்று சொன்னார்.

"எம் மருமக கொண்டை ஊசியால குத்தினா. தீட்டு ஊசி. அதான் சீழ் பிடிச்சிடுச்சு. சாமி விரல் போனதுக்கு இவதான் காரணம். இல்லைன்னு சொல்லச் சொல்லுங்க பார்ப்போம்."

நாற்பது தலையும் திரும்பியது. கட்டுக்காரி சுவரோரம் நின்றிருந்தாள். வேலை முடிந்து அப்படியே வந்ததால் சீருடையிலேயே இருந்தாள். அந்த வாக்கியம் நாக்கு நுனியில் வந்து நின்றதை அவள் பல்லைக் கடித்ததில் பார்த்ததாக முன்வரிசைக்காரர்கள் பிறகு சொன்னார்கள். நாத்தனார் "அண்ணி, சொல்லுங்க" என்று தோளை உலுக்கினாள். மாமியார் வலது கையை நீட்டி விரலால் அவளையே குறி பார்த்துக்கொண்டிருந்தார். கட்டுக்காரி அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இருக்கலாம் அத்தை" என்றாள். "ஆனா சாமி கால்ல புண் இருந்தது. அதை இல்லைன்னு சொல்ல மாட்டேன். பெட்டியைக் கட்டிக்கறேன்."

மன்னிப்பு அவள் கேட்கவில்லை, மாமியாரும் கொடுக்கவில்லை. வீட்டுக்குப் போகிற வழி முழுக்க வெந்நீரம்மா ஜெயித்தவர் நடையில் முன்னால் நடந்தார். மறுநாள் காலை கட்டுக்காரி இரண்டு பெட்டியோடு மருத்துவமனைக்குப் பின்னால் இருந்த மாடிவீட்டுக்குப் போய்விட்டாள். கண்ணாடிக் கடைக்காரர் பதினெட்டு நாள் யோசித்தார். பத்தொன்பதாம் நாள் தன் துணிமணியை ஒரு பையில் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறினார். "வழியில வந்தேன்" என்றாராம். "இது எந்த வழிக்கும் வழி இல்லையே" என்று சொல்லிவிட்டு அவள் கதவைத் திறந்துவிட்டாள்.

பட்டியல்காரர் தங்கை மகன் சம்பந்தம் அந்தக் கொண்டை ஊசியோடு முறிந்தது. அந்தப் பையன் வேறிடத்தில் கல்யாணமாகி வெளியூர் போனான். நாத்தனார் யாரும் எதிர்பார்க்காத ஆளைக் கட்டிக்கொண்டாள், அந்தக் கார் டிரைவரை. அண்ணியின் புது வீட்டுக்குக் காலுக்கான மருந்து வாங்க அவர் வந்து போன நாட்களில் ஏதோ பேசிப் பழகியிருக்கிறார்கள். மாமியார் கல்யாணத்துக்குப் போகவில்லை. டிரைவர் இப்போது யாருக்கும் கார் ஓட்டுவதில்லை, மனைவியின் கூரியர் அலுவலகத்திலேயே வண்டி ஓட்டுகிறார்.

குருவுக்கும் இப்போது பட்டியல் கிடையாது. ஊரின் இன்னொரு மூலையில் சின்ன அறை எடுத்துக்கொண்டு வாரம் இரண்டு நாள் பாடம் நடத்துகிறார். ஏழு பேர் வருகிறார்கள். கால் மேஜைக்கு அடியில், சாக்ஸுக்குள். சாக்ஸ் போட்டவர் என்ன குரு என்று பழைய கூட்டம் முகம் சுளிக்கிறது. பட்டியல்காரர் அவர் விட்டுப்போன மரப்பாதுகையை எடுத்துப்போய், வெள்ளித்தகடு அடித்து, அதற்கு நாளைக்கு எட்டு வீடு ஏற்பாடு செய்திருக்கிறார். அதில் எவ்வளவு கொதிக்கிற தண்ணீர் ஊற்றினாலும் கேடில்லை.

வெந்நீர் விஷயம் டிரைவர் மூலம் நாத்தனாருக்கும், நாத்தனார் மூலம் பக்கத்து வீட்டுக்கும், அங்கிருந்து தெரு முழுக்கவும் போய்ச் சேர ஒரு மாதம்கூட ஆகவில்லை. அடுத்த வீட்டில் தும்மினால் ஜலதோஷமா ஜுரமா என்று பந்தயம் கட்டும் தெரு அது. ஆனாலும் இந்த ஒரு விஷயம் மட்டும் ஒரு வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே போகவில்லை. ஏன் என்று கேட்டால் யாரும் சரியாகப் பதில் சொல்ல மாட்டார்கள்.

வெந்நீரம்மா அதே வீட்டில்தான் இருக்கிறார், தனியாக. புதிதாக யார் குடிவந்தாலும் கூப்பிட்டு உட்காரவைத்து அந்தக் கதையைச் சொல்கிறார். ஒவ்வொரு தடவையும் தண்ணீரில் சூடு கொஞ்சம் ஏறுகிறது. கேட்கிறவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, காபியைக் குடித்துவிட்டு எழுந்து வருகிறார்கள். மகனும் மருமகளும் போன வருஷம் இன்னும் தள்ளி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் வீடு மாறிவிட்டார்கள்.